பேரிக்காய்க்கு நேரே ஒன்றும் எழுதவில்லை

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கோபம் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அப்பாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் கொடுத்த பட்டையைக் காலில் கட்டுங்கள் என்றால் ஆடுகிற நாற்காலிக்குக் கட்டி வைத்திருக்கிறார், நாற்காலி இப்போது நன்றாக நிற்கிறது, மனிதர்தான் நிற்க முடியாமல் இருக்கிறார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் குழாய் மாட்டியவர் வீட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் பக்கெட் வைத்து ஒழுகலைப் பிடிக்கிறோம், கேட்டால் நாளைக்கு என்கிறார், அந்த நாளைக்கு நாலு மாதம் ஆகிறது. உன் தங்கை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், அவளுக்கு எல்லாம் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன், நானே சொல்ல வேண்டும் என்று.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ சொல்லும்மா சொல்லும்மா என்கிறாய், அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, நான் ஒன்று சொல்ல நீ அதற்கு முந்தைய பேச்சுக்கு ம் கொட்டுகிறாய். காகிதத்துக்கு மீட்டிங் வராது. அதனால் உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே, நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தையும் விடு, மருமகள் சொன்னாள்.

பேக்கரியில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருப்பதை உன்னிடம் சொன்னேனே, நாங்கள் எல்லாரும் தராசு என்று கூப்பிடுகிறோம், அவர் முதுகுக்குப் பின்னால்தான். வந்த முதல் நாளே ஒரு மின் தராசைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்து, இனிமே இங்க கப்பு டம்ளர் எல்லாம் கிடையாது, எல்லாமே கிராம்தான், யார் எதைச் செஞ்சாலும் எழுதி வெச்சுச் செய்யணும் என்று சொல்லிவிட்டார். கேக் போடுகிறவர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் முதலிலிருந்தே மாவை நிறுத்துத்தான் போடுகிறார்கள். ஜாம் அடுப்பு என் ஒருத்தி பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக அந்த நீல விளிம்பு எனாமல் டம்ளரால் அளந்துதான் போடுகிறேன், ஆப்பிள் முப்பத்திரண்டு டம்ளர், சர்க்கரை பதினாறு டம்ளர், எலுமிச்சை இத்தனை என்று. ஜோடியாக வாங்கிய டம்ளர், ஒன்று பேக்கரியில் இருக்கிறது, இன்னொன்றை நீ போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போனாய், கேட்டதற்கு வீட்டு ஞாபகத்துக்கு என்றாய். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். உன்னிடம் அதே டம்ளர் இருக்கிறது, தராசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, மருந்துப் பொடியை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நீ. என் மகன் தூசியையே நிறுத்துவிடுவான் என்று நான் அந்தச் சமையலறையில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா. ஒரு டம்ளர் ஆப்பிள் எத்தனை கிராம், அன்னாசி எத்தனை, திராட்சை எத்தனை, பேரிக்காய் எத்தனை, சர்க்கரை எத்தனை, இவ்வளவுதான் கேட்டேன்.

அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் நேரே முந்நூற்றுப் பத்து. எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆப்பிளும் சர்க்கரையும் எப்படி ஒரே எடை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் எழுதியது யார், நீ. என் பிள்ளை சும்மா எழுதுவானா என்று அதைக் கோடு போட்ட தாளில் என் கையெழுத்தில் அழகாக எழுதி, கண்ணாடித்தாள் ஒட்டி, தராசிடம் கொடுத்தேன். யார் போட்டது என்று சொல்லவில்லை. முதல் பாட்டில் நன்றாக வந்ததும் என் மகன் போட்டுக் கொடுத்ததாக்கும் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

புது முறைப்படி பழம் வெட்டுகிற அக்காதான் நிறுத்து அனுப்பினாள். ஏறக்குறைய பத்துக் கிலோ ஆப்பிள் வந்து அண்டாவில் விழுந்தது. வழக்கமாக அண்டாவில் பாதிக்குக் கீழே நிற்கும் பழம் அன்று விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. பார்த்ததும் என் கை ஜாம் கிண்டுகிற துடுப்பைப் போட மறுத்தது, உண்மையாகவே மறுத்தது. என்னடி இவ்வளவு என்று கேட்டேன், அவள் பட்டியலைக் காட்டினாள், உங்க கையெழுத்துதானே என்றாள். அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வயசாகிறது, கண் பொய் சொல்லும், பிள்ளை எழுதியது பொய் சொல்லாது என்று நினைத்தேன். பத்தொன்பது வருஷம் பழகிய என் கண்ணை உன் எழுத்துக்காகத் தள்ளி வைத்தேன், இதுதான் எனக்கு என் மேலேயே ஆறாத கோபம். முக்கால் மணி நேரம் ஆனதும் தராசு அடுப்பை அணைக்கச் சொன்னார், இன்னும் இறுகவில்லை என்றேன், ஜாமுக்கு அவ்வளவுதான் நேரம் என்று கடிகாரத்தைக் காட்டினார். தளர்வாகத்தான் பாட்டிலில் ஊற்றினோம், ஆறினால் இறுகிவிடும் என்று அவர் சொன்னார், எனக்குத் தெரியும் இறுகாது என்று, ஆனாலும் மூடியைத் திருகினேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெரியவர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து கல்லாவில் வைத்தார். மூடி குடை மாதிரி உப்பியிருந்தது. முதலாளி திறந்தார், சோடா மாதிரி பொங்கி அவர் சட்டை முழுக்க ஆயிற்று. பிறகு கடைத் தட்டில் இருந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அப்படித்தான், ஒன்று எடுக்கும்போதே மூடி தெறித்துப் போய் ரொட்டிக் கூடையில் விழுந்தது. நல்லவேளை யாரும் சாப்பிட்டு உடம்புக்கு வரவில்லை. தராசு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இத யாரும்மா எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உன் பெயரை அந்தப் பொங்கிய பாட்டில் பக்கத்தில் கொண்டு போய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இவ்வளவு வருஷம் டம்ளர்னு சொல்லி எப்படியோ ஓட்டிட்டாங்க என்று அவர் முதலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கே ஜாம் அடுப்பை அணைத்தார்கள். என்னைப் பாட்டில் கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார்கள். அடுப்பையே எடுத்துவிட்டு வெளியிலிருந்து டின்னில் ஜாம் வாங்கப் போவதாகப் பேச்சு. இந்த வயதில் கழுவுகிற வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, வேலையில் என்ன கேவலம், ஆனால் என் துடுப்பைச் சுவரில் தலைகீழாக மாட்டிவிட்டு அதன் எதிரேயே நின்று கழுவ வைத்தார்கள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். முழுசாகக் கேட்டாயா. ஜாம் கெட்டுப் போச்சுடா என்றதுமே, அளவெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, உன் கைதான் எங்கேயோ தப்பியிருக்கும், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். உன் கைதான் தப்பியிருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை நான் கழுவிய ஒவ்வொரு பாட்டிலிலும் கேட்டேன். தராசு சொன்னார் சரி, அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தக் கை கிண்டிய ஜாமைத் தின்று வளர்ந்தவன் நீ.

இரண்டு நாள் கழித்து மருமகளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அவன் அன்றைக்கு எப்படிம்மா நிறுத்தான் என்று. பாவம் அவளுக்கு ஒன்றும் தெரியாது, உன்னைப் பாராட்டுகிறேன் என்று நினைத்து, ரொம்ப சிரத்தையா செஞ்சார் அத்தை, டம்ளர்ல இருந்த பேனா எல்லாத்தையும் எடுத்துட்டு, குழாயில தண்ணி புடிச்சு, தராசுல வெச்சுப் பார்த்தார், ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டார் என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீரை நிறுத்திருக்கிறாய். தண்ணீரை நிறுத்து ஆப்பிள் என்று எழுதியிருக்கிறாய், அன்னாசி என்று எழுதியிருக்கிறாய், வீட்டில் ஒரு பழம்கூடவா இல்லை, கீழே இறங்கி ஒன்று வாங்கினால் கால் தேய்ந்தா போய்விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், உன் ஏட்டு ஆப்பிள் ஜாமுக்கும் உதவவில்லை. வேலை செய்கிற இடத்தில் இப்படி ஒரு பொடிக்குப் பதில் இன்னொன்றை நிறுத்து எழுதுவாயா, எழுதினால் விடுவார்களா. அம்மாவுக்குத்தானே, இது போதும் என்று நினைத்திருக்கிறாய். நினைக்கவில்லை என்று நீ சொன்னால் அது இன்னும் மோசம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டில் பார்சல் கட்டி அனுப்பும் பெண்ணிடம் தராசை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். பேக்கரி டம்ளரை முந்தின நாளே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், இனி அது அவர்களுக்கு எதற்கு. ஜாமுக்கு வெட்டுகிற மாதிரியே பொடியாக ஆப்பிளை வெட்டி, தலை தட்டி, டம்ளர் எடையைக் கழித்துப் பார்த்தால் நூற்று அறுபத்தைந்து. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் வைத்தேன், அதேதான். உன் கணக்கில் பாதிதான் வருகிறது. உன் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அளவு போட்ட பால் புட்டியில் தண்ணீர் எடுத்து அந்த ஆப்பிள் டம்ளரிலேயே ஊற்ற ஆரம்பித்தார், துண்டுகள் மேலே எழும்பின, டீ வடிகட்டியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஊற்றினார். நிறைந்திருக்கிற டம்ளர், அதற்குள் நூற்றுப் பதினைந்து மில்லி தண்ணீர் உள்ளே போயிற்று. பாத்தியா, இவ்வளவு இடம் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல வெத்தா இருந்திருக்கு, அவன் அதையும் பழம்னு எழுதிட்டான் என்றார். அது போக ஆப்பிளே தண்ணீரை விட லேசு, இல்லையென்றால் ஏன் மிதக்கிறது, குளிக்கிற பிள்ளைகூடச் சொல்லும் என்றார். குழாய்க்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. நான் முப்பத்திரண்டால் பெருக்கிப் பார்த்தேன். ஐந்தேகால் கிலோ போட வேண்டிய இடத்தில் பத்துக் கிலோ போட்டிருக்கிறோம். சர்க்கரை மட்டும் ஒரு முக்கால் கிலோதான் கூட, ஏனென்றால் சர்க்கரை தண்ணீரை விடக் கனம், நடுவில் வெற்றிடம் இருந்தும் டம்ளருக்கு இருநூற்று அறுபத்தைந்து வருகிறது. பழம் இரட்டிப்பு, சர்க்கரை ஏறக்குறைய அதே அளவு என்றால் புளித்துப் பொங்காமல் என்ன செய்யும்.

என் கை தப்பவில்லை. இதை உன் அப்பா முன்னால் மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். அவர் சரி சரி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் போகுது என்றார். கேட்கட்டும் என்றேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வேலை முடிந்து வந்து இதே வேலைதான். ஒவ்வொரு பழத்தையும் மூன்று முறை நிறுத்தேன். பொடியாக வெட்டினால் ஒரு எடை, பெரிதாக வெட்டினால் வேறு எடை, அமுக்கி நிரப்பினால் இன்னொன்று. பழம் வெட்டுகிற அக்கா புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் துண்டு பெரிதாக விழும், அந்த ஆப்பிள் டம்ளருக்கு நூற்றைம்பதுதான் வரும், இது எல்லாம் இத்தனை வருஷம் என் கை தானாகவே சரி செய்துகொண்டிருந்திருக்கிறது, கொஞ்சம் கோபுரமாகப் போடு, கொஞ்சம் தட்டிப் போடு என்று. அன்னாசி இருநூற்றுப் பதினைந்து, திராட்சை முழுசாக இருநூறு. எந்த அளவுக்கு வெட்டியது என்று குறிக்கப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டேன். நீ மில்லிகிராம் நிறுக்கிறவன், இந்தக் கட்டம் உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனேன், தராசும் அங்கேதான் இருந்தார். ஒரே ஒரு அண்டா என் கையில் கொடுங்கள், இந்தப் பட்டியல்படி உங்கள் தராசிலேயே நிறுத்துப் போடுகிறேன், கடிகாரம் மட்டும் வேண்டாம், தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்து எப்போது ஓடாமல் நிற்கிறதோ அப்போது இறக்குகிறேன், இதுவும் பொங்கினால் அடுப்பை எடுத்துவிடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். முதலாளி ஒத்துக்கொண்டார், ஆனால் பாட்டில்களை விற்காமல் பதினைந்து நாள் தன் மேஜை மேலேயே வைத்துப் பார்ப்பேன் என்றார். தினம் காலையில் தராசு வந்து ஒவ்வொரு மூடியையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், நான் தொட்டியிலிருந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றோடு பதினைந்து நாள். ஒரு மூடிகூட எழும்பவில்லை, முதலாளி ஒன்றைத் திறந்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, இன்னொரு ரொட்டியை எடுத்தார். தராசு நல்ல மனிதர்தான், ஏணி போட்டு ஏறி என் துடுப்பைச் சுவரிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, முதல்லயே இப்படி எழுதியிருக்கலாமேம்மா, அப்போ என்னாச்சு உங்களுக்கு என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். முதல் பட்டியல் என் மகன் போட்டது, பழத்துக்குப் பதில் தண்ணீரை நிறுத்து அனுப்பினான், இது நான் போட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பழம் வெட்டுகிற அக்கா, தூசியையே நிறுக்கிறவருக்கு ஆப்பிளை நிறுக்கத் தெரியலையாக்கும் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கீறல் விழாமல் வைத்திருந்த உன் பெயரை நேற்று என் வாயாலேயே கீறினேன், தெரிந்துகொள். வருத்தமாக இல்லையா என்று கேட்டால் இருந்தது, பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வந்தேன், அந்தக் கண்ணீருக்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம். ஆனால் பொய் சொல்லி அடி வாங்கியபோது வராத தூக்கம் நேற்று நன்றாக வந்தது.

இப்போது கேள். பட்டியலைத் தராசு பெரிதாக அச்சடித்து, கீழே என் பெயரைப் போட்டு, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். அதில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. பேரிக்காய். இங்கே பேரிக்காய் வர இன்னும் மூன்று மாதம் ஆகும், உன் தெருவில் இப்போதே குவிந்து கிடக்கிறது என்று மருமகள் சொன்னாள். ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடலாமா என்று தராசு கேட்டார், வேண்டாம், அது என் மகன் நிறுக்க வேண்டியது என்று சொல்லிவிட்டேன். டம்ளரிலிருந்து பேனாக்களை எடு, வீட்டு ஞாபகத்துக்கு என்று கொண்டு போனதில் பேனா வைத்திருக்கிறாய். நன்றாகக் கழுவித் துடை, ஈரம் இருந்தால் எடை கூடும். பேரிக்காயைத் தோல் சீவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீயே வெட்டு, மருமகளை வெட்டச் சொல்லாதே. அமுக்காமல் நிரப்பித் தலை தட்டு. மூன்று முறை நிறு, மூன்றையும் எழுது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் வரும், வரவில்லை என்றால் நீ நிறுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். போனில் சொல்லாதே, காகிதத்தில் உன் கையால் எழுதி அனுப்பு. மன்னிப்பு ஒன்றும் எழுத வேண்டாம், இரண்டு வரி மன்னிப்பை நீ பஸ்ஸில் போகும்போதே எழுதிவிடுவாய், எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழுங்கள், என் கோபம் உன் வாசலைத் தாண்டி மருமகளிடம் போகாமல் பார்த்துக்கொள், அவள் நல்ல பெண், அவள் சொல்லியிராவிட்டால் என் கைதான் தப்பு என்று நானே நம்பியிருப்பேன். அப்பாவுக்கு முட்டிப் பட்டை இன்னொன்று வாங்கி அனுப்பு, நாற்காலிக்கு ஒன்று போய்விட்டது. நினைவிருக்கட்டும், அந்த அடுப்புப் பக்கம் வருகிற ஒவ்வொருவரும் பேரிக்காய்க்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். இன்று மட்டும் நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரிடமும் உன் பெயரைச் சொன்னேன்.

இப்படிக்கு,
துடுப்பு கைக்கு வந்தும் கோபம் இறங்காத
உன் அம்மா